வெயில் பூசிய நிறம்

சென்ற ஆண்டு வைகாசியில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு கொல்லைப்புறத்துத் திண்ணை மாதிரி. வெளியூர்க்காரர்கள் மாதக்கணக்கில் யோசித்துக் கிளம்புவார்கள். நாங்கள் ஊரில் புழுக்கம் தாங்கவில்லை என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்வோம்.

என் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அந்த நான்கு நாளும் அவள் அறைக்குள் இருந்த நேரம் மிகக் குறைவு. பகோடா பாயிண்டில் நின்றாள். சீமாட்டி இருக்கையில் உட்கார்ந்தாள். நண்பகலில் ஏரியில் படகு விட்டாள். சேர்வராயன் கோயிலுக்கு நடந்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் வீசிக்கொண்டே இருந்தபடியால் வெயில் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

ஊர் திரும்பிக் கைக்கடிகாரத்தைக் கழற்றியபோதுதான் அது தெரிந்தது. கடிகாரம் இருந்த இடம் ஒரு நிறம். மற்றதெல்லாம் வேறு நிறம். இன்னும் பத்தே நாளில் ராசிபுரத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். அந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்த என் நாத்தனார் வாசற்படியிலேயே நின்று, "ஏங் கண்ணு, நீ மலைக்குப் போனயா, இல்லே களத்துலே மாவு காயப் போட்டயா?" என்று கேட்டார். அன்போடு கேட்டதுதான். ஆனாலும் கேள்வி தைத்துவிட்டது.

மூன்றாம் நாள் மகளின் தலையணைக்கு அடியில் சிறிய வட்டமான டப்பி ஒன்று கிடைத்தது. மேலே ஒரு பெண்ணின் பளபளக்கும் முகம். சுற்றிலும் எனக்குப் புரியாத எழுத்து. செய்தவர் பெயரில்லை, ஊரில்லை, உள்ளே இன்னது இருக்கிறது என்ற விவரமில்லை. தோழி ஒருத்தி கொடுத்தாளாம். ஏழு நாளில் நிறம் திரும்பிவிடுமாம். நான் டப்பியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அழுதாள். அழுது முடித்த பிறகு, "ஏன் கூடாதுன்னு காரணம் சொல்லும்மா. நீதான் கதை எழுதறவளாச்சே, கதை சொல்லாதே" என்றாள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்காகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, வெயில் கொடுத்த கறுப்பை விரட்ட மனிதர்கள் பட்டிருக்கும் பாடு ஒரு பெரிய சரித்திரமாகவே விரிந்தது.

முதலில், குளிர்ந்த மலையில் எப்படிக் கறுத்துப் போனாள் என்பது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. கதிரைத் தடுக்கும் காற்று மேலே மெலிந்துவிடுவதே காரணம். ஆனால் உடம்பு சூட்டை அறியுமே தவிர, புற ஊதாக் கதிரை அறியாது. சேலத்தில் நூறு டிகிரி வெயிலில் நாமே நிழலுக்கு ஓடுகிறோம். மலையில் சுடாததால் நின்றுகொண்டிருக்கிறோம். மெல்லிய மேகமும் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. போதாததற்கு, நம் பகுதியில் ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்டு 22 வாக்கிலும் நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. வைகாசியிலும் அது அதிக தூரம் விலகிப் போய்விடுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் கதிரைக் கண்டுபிடித்ததே ஒரு கறுப்பை வைத்துத்தான். 1801-ல் ஜெர்மனியில் ஜேனா நகரில் யோஹான் ரிட்டர் என்பவர், வெள்ளி உப்பு தடவிய தாளை முப்பட்டகக் கண்ணாடி பிரித்துக் காட்டிய வண்ணங்களின் மேல் வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், வெளிச்சமே இல்லாத இடத்தில், தாள் மிக விரைவாகக் கறுத்தது. என் மகளின் முகத்தில் வேலை செய்ததும் அதே கதிர்தான்.

தாள் கறுப்பதற்கும் தோல் கறுப்பதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. தாள் கெட்டுப் போகிறது, தோல் தற்காத்துக்கொள்கிறது. மேல்தோலின் அடிவரிசையில் மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஆப்பிரிக்கருக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். தயாரிக்கும் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. கதிர் தாக்கியதும் இந்தச் செல்கள் நிறப்பொருளைக் கூடுதலாகச் செய்து பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கருவின் மேல் ஒரு குடையைப் போலக் கவிந்துகொள்கிறது. குடையைப் பிடித்த செல்கள் மெள்ள மெள்ள மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்கின்றன. அடியிலிருந்து மேலே வந்து உதிர நான்கு வாரத்துக்குக் குறையாது. ஆகவே வெயில் கறுப்பும் சில வாரங்களில் தானாகவே கலைந்துவிடுகிறது.

தானாகவே கலைவதற்கு இத்தனை போராட்டம் எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் தோலின் கதை முடிந்து ஊராரின் கதை தொடங்குகிறது.

எந்த நாட்டிலும் வெயில் நிறம் வேலையின் அடையாளம். வயலில் நிற்பவர் கறுப்பார். நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவர் கறுக்கமாட்டார். நிறத்தைப் பார்த்தே ஆளின் இடத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவின் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் தங்கள் முகத்தில் வெயில் படவில்லை என்று காட்டுவதற்காக ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பூச்சை அப்பிக்கொண்டார்கள். அது தோலை அரிக்கும். அரித்த இடத்தை மறைக்க இன்னும் கொஞ்சம் பூசுவார்கள். லண்டனில் பேரழகி என்று கொண்டாடப்பட்ட காவென்ட்ரி சீமாட்டி மரியா கன்னிங் 1760-ல் இறந்தபோது வயது 27. அந்தப் பூச்சே அவரைக் கொன்றது என்று ஊர் பேசியது. 1890-களில் அமெரிக்காவில் முகம் வெளுக்க ஆர்சனிக் வில்லைகளைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து விற்றார்கள். தபாலில் வரவழைத்து வாங்கித் தின்றிருக்கிறார்கள், விஷத்தை!

நாம் சிரிப்பதற்கில்லை. நம் கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் வேஷப் பூச்சுக்கு 'அரிதாரம்' என்று பெயர். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கல். பிற்காலத்தில் பூச்சு மாறிவிட்டது. பெயர் மட்டும் பழைய விஷத்தின் ஞாபகமாக நின்றுவிட்டது.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-ல் நோபல் பரிசு பெற்றார். வெயில் மருந்தாயிற்று. அதற்குள் ஐரோப்பாவின் ஏழைகள் வயலை விட்டு ஆலைக்குள் போய்விட்டிருந்தார்கள். வெயில் படாமல் வெளிறிக் கிடந்தவர்கள் இப்போது அவர்கள்தான். கடற்கரையில் படுத்துக் கிடக்க நேரமும் பணமும் இருந்தவர்களுக்கே கறுப்பு வாய்த்தது. 1920-களில் வெயில் நிறம் அங்கே நாகரிகமாகிவிட்டது. நூறு ஆண்டுக்கு முன் எந்த நிறத்தை மறைக்க ஈயம் பூசினார்களோ, அதே நிறத்துக்காக எண்ணெய் பூசி வெயிலில் கிடந்தார்கள். தோல் மாறவில்லை, வேலை நடக்கும் இடம் மாறிற்று, அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்தத் திருப்பம் நடக்கவில்லை. இங்கே வெயிலில் நின்றவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.

இனி, நம் வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். என் அம்மாயி வீடு நாமகிரிப்பேட்டைப் பக்கம். மஞ்சள் விளைகிற பூமி; வாரந்தோறும் மஞ்சள் ஏலம் நடக்கும் ஊர். தை, மாசியில் கிழங்கை வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப் போட்டிருப்பார்கள். விடுமுறையில் வெயிலில் ஆடிவிட்டுக் கறுத்துப் போய் நிற்கும் எங்களை அம்மாயி வரிசையாக உட்கார வைத்துக் குளியல் பொடியைத் தேய்ப்பார். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ எல்லாம் சேர்த்து அரைத்த பொடி. பள்ளிக்கூடம் திறக்கும்போது நாங்கள் பழைய நிறத்துக்கு வந்திருப்போம். புகழெல்லாம் பொடிக்குப் போகும்.

பொடிக்கு எவ்வளவு சேர வேண்டும், நாட்களுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன். பயற்றம் மாவு அழுக்கையும் எண்ணெய்ப் பசையையும் மெதுவாக எடுக்கும். உதிரக் காத்திருக்கும் செதில்களைக் கழுவிவிடும். அதனால் முகம் தெளிவாகத் தெரியும். மஞ்சள் தன் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, கறுப்பை மறைக்கும். அது தோலை வெளுப்பதில்லை. மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் போட்டால் கறை போய்விடும் என்பது வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். வெயிலுக்கு முன்னால் மஞ்சளே நிற்பதில்லை.

மஞ்சளின் பெருமைக்காக நம் நாடு வழக்காடிய கதையைப் பலர் அறிந்திருப்பார்கள். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்தது; 1997-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. கவனியுங்கள்: வழக்கு புண் ஆறுவதைப் பற்றியது. நிறம் மாறுவதைப் பற்றியதல்ல.

அம்மாயியின் பொடியில் ஒரு சரக்கைப் பற்றி மட்டும் இப்போது தெரிந்துகொண்டேன். சில வீடுகளில் குளியல் பொடியோடு கார்போகரிசியையும் சேர்ப்பார்கள். வெண்புள்ளி விழுந்த இடத்தில் நிறம் வரவழைப்பதற்கு நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய விதை அது. 1933-ல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற மூன்று இந்திய வேதியியலார் அதிலிருந்து சோராலென் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது தோலில் பட்டபின் வெயில் பட்டால் தோல் கறுக்கும்; அளவு மிஞ்சினால் கொப்புளமே வரும். ஆக, கறுப்பை நீக்கத் தேய்க்கும் பொடிக்குள்ளேயே கறுப்பை வரவழைக்கும் விதை! அதே குடும்பத்துப் பொருள் எலுமிச்சையிலும் இருக்கிறது. எலுமிச்சம் பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நடந்தால், சாறு வழிந்த தடமெல்லாம் புண்ணாகி, மாதக்கணக்கில் மறையாத கரும் கோடாக நின்றுவிடும். வீட்டுப் பண்டம் என்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது.

ஆனாலும் அம்மாயியின் வைத்தியத்தில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று இருந்தது. அது எதையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மாதம் தேய்க்கச் சொன்னார். அந்த ஒரு மாதத்தில் தோல் தன் வேலையைத் தானே செய்துகொண்டது. அவசரம் நுழைந்த பிறகுதான் ஆபத்தும் நுழைந்தது.

அந்த அவசரம் எங்கே தொடங்கியது? ஒரு கையுறையில் என்று சொல்லலாம். 1939-ல் அமெரிக்காவில் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் கறுப்பினத் தொழிலாளர்களின் கைகள் திட்டுத் திட்டாக வெளுத்தன. அவர்கள் போட்டிருந்த ரப்பர் கையுறையில், ரப்பர் கெடாமலிருக்க ஒரு ரசாயனத்தைச் சேர்த்திருந்தார்கள். ஹைட்ரோகுவினோன் வகையைச் சேர்ந்தது அது. தொழிலாளிக்கு வந்த நோயைக் கண்டதும், அட, இதை வைத்து நிறத்தை வெளுக்கலாமே என்று தோன்றியிருக்கிறது மனிதனுக்கு! ஹைட்ரோகுவினோன் களிம்புகள் உலகமெங்கும் பரவின. 1975-ல் தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லே என்ற தோல் மருத்துவர், அவற்றை நெடுநாள் பூசிய பெண்களின் கன்னத்தில் நீலக் கறுப்பாகத் திட்டு விழுந்திருப்பதை எழுதினார். வெளுக்கப் பூசியது நிரந்தரக் கறுப்பைக் கொண்டுவந்தது. அந்த நாட்டில் நிறம் வெளுக்கும் களிம்புகளை 1990-ல் தடை செய்தார்கள்.

அதே 1975-ல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோனோடு ஸ்டீராய்டையும் வைட்டமின் ஏ வகை அமிலம் ஒன்றையும் சேர்த்து ஒரு களிம்பு வகுத்தார்கள். மங்கு முதலியவற்றுக்கு, மருத்துவர் கண் முன்னால், குறித்த வாரங்களுக்கு மட்டும் பூசவேண்டிய மருந்து. அதே ஆண்டில்தான் இந்துஸ்தான் லீவர் கம்பெனி நம் நாட்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற கிரீமைக் கொண்டுவந்தது. அது வேறு சரக்கு. வைட்டமின் பி வகையைச் சேர்ந்த சாதுவான பொருளை வைத்துச் செய்தது. ஆனால் சிவந்தால்தான் வேலை, சிவந்தால்தான் கல்யாணம் என்று சொன்ன அந்த விளம்பரங்களின் நடுவேதான் என் தலைமுறை வளர்ந்தது. 2020-ல் அந்தக் கம்பெனி பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. சொல்லை எடுக்க 45 ஆண்டுகள் ஆயின.

இதற்கு நடுவே எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். என் சித்தி மகள் எனக்கு மூத்தவள். 1990-களின் பிற்பகுதி, பருத்திக் காட்டில் நின்று கறுத்திருந்தாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் யாரோ சொல்லி, ஒரு மருந்துக் கடையில் சிறிய குழாய்க் களிம்பு ஒன்றை வாங்கிப் பூசினாள். ஸ்டீராய்டு கலந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்? இரண்டே வாரத்தில் முகம் உரித்த முட்டையைப் போல ஆகிவிட்டது. கல்யாணமும் ஆயிற்று. களிம்பை நிறுத்தியபோதுதான் வினை ஆரம்பித்தது. முகம் செக்கச் சிவந்து எரிந்தது, பருக்கள் கிளம்பின. மறுபடி பூசினால் அடங்கும், விட்டால் எரியும். அப்படியே சில ஆண்டுகள். தோல் மெலிந்து, உள்ளே ஓடும் சிவப்பு நரம்புகள் வலை பின்னியதுபோல் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன. இன்றைக்கும் அவளால் அடுப்புக்கு எதிரே நிற்க முடியாது. "அடுப்பு வேலையெல்லாம் உங்க மாமாதான். அந்த மட்டும் லாபம்" என்று சிரிப்பாள்.

அவளுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. நாடெங்கும் நடந்து, தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு, 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது.

இன்னொன்று பாதரசம். நிறப்பொருளைத் தயாரிக்கும் என்சைமை அது முடக்கிவிடுகிறது. அதனால் முகம் சீக்கிரம் வெளுக்கும். முடக்குவது அதை மட்டுமல்ல. தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற ஊர் ஆலைக் கழிவின் பாதரசத்தால் பட்ட துன்பத்தின் பெயரால் 2013-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. முகப் பூச்சில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்று விதித்த அந்த ஒப்பந்தம், 2023-ல் அந்த ஒரு பங்குச் சலுகையையும் எடுத்துவிட்டு, 2025-க்குள் பாதரசம் சேர்த்த பூச்சே இருக்கக்கூடாது என்று தீர்மானித்தது.

தீர்மானம் எங்கோ நடக்கிறது. டப்பி நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பக்கத்து மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே சிறுநீரகத்தில் ஒரு குறிப்பிட்ட நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வந்தது அதிலும் அபூர்வமான ஒரு வகை. விசாரித்துப் பார்த்ததில் அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! மருத்துவர்கள் அதை எழுதி, சிறுநீரகவியல் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். முகத்தில் பூசியது சிறுநீரில் புரதமாக இறங்கியிருக்கிறது.

வெள்ளைக்கான இந்த அவசரம் முகத்தோடு நின்றுவிடவில்லை. எங்கள் சேலம், நாமக்கல் சீமையில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிறார்கள். 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமே அதற்காகத் தொடங்கப்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இயற்கையான ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் பளீரென்று இருப்பதற்குத்தான் சந்தையில் விலை. ஆகவே சில ஆலைகளில் ரசாயனத்தைக் கொட்டி வெளுப்பதும், உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பிடிப்பதும் பல ஆண்டுகளாக நடந்துவந்திருக்கின்றன. வெறும் கிழங்கு மாவுக்கே இந்தக் கதி என்றால், கல்யாணத்துக்குப் போகிற பதினெட்டு வயதுப் பெண்ணைச் சொல்வானேன்?

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். காவென்ட்ரி சீமாட்டியை ரசித்தாள். மினமாட்டாவை அலட்சியமாகக் கேட்டாள். சித்தி மகளின் கதைக்கு வந்தபோது மட்டும் நிமிர்ந்து, "பெரியம்மா முகம் அதனாலயா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு டப்பியைப் பற்றி அவள் பேசவே இல்லை. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே இருப்பதைச் சொல்லாத டப்பியைத் தள்ளிவைக்க அதற்கு மேல் ஒரு காரணம் தேவையில்லை.

எங்கள் வீட்டில் செய்தது மிகவும் எளிய காரியம். முதல் இரண்டு நாள், சிவந்து காந்திக்கொண்டிருந்தவரைக்கும் எதையும் தேய்க்கவில்லை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தோம். சோற்றுக்கற்றாழையை வெட்டி, மஞ்சளாக வடியும் பாலை நன்றாகக் கழுவிவிட்டு, சோற்றை மட்டும் தடவினோம். தண்ணீர் நிறையக் குடித்தாள். காந்தல் அடங்கிய பிறகு, பயற்றம் மாவைப் புளிக்காத தயிரில் குழைத்து வாரத்துக்கு இரண்டு முறை. முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போனோம். ஐந்து நிமிஷம், தேய்க்காமல் கழுவல். இரவில் தோல் வறளாமல் இருக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பொடியைக் கடையில் வாங்கவில்லை. மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயச் சேர்மானத்தைக் கலந்து சில ஊர்களில் பிடிபட்டிருக்கிறார்கள் என்பதால், கிழங்காக வாங்கி இடித்துக்கொண்டோம். எலுமிச்சை, சமையல் சோடா, பற்பசை, சர்க்கரை வைத்துத் தேய்ப்பது எதுவும் கிடையாது.

இவை எல்லாம் உபசாரந்தான். மருந்து நிழல். புதிய வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் பழைய கறுப்பு எப்படிப் போகும்? பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை குடை இல்லாமல் வெளியே போவதில்லை என்று ஏற்பாடு. இதற்கு ஒரு சுலபமான கணக்கும் உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம், கதிர் கடுமையாக இருக்கும் நேரம். வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசவேண்டும்; இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடியும். கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலும், மாதங்கள் கழித்தும் கன்னத்தில் திட்டாக மங்கு நின்றாலும், மச்சத்தின் உருவம் மாறினாலும் வீட்டு வைத்தியத்தை மூட்டை கட்டிவிட்டுத் தோல் மருத்துவரிடம் போகவேண்டியதுதான்.

பத்து நாளில் நிறம் திரும்பிவிடும் என்று நான் மகளிடம் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. கல்யாணத்துக்குக் கறுத்த முகத்தோடுதான் போனாள். நாலைந்து பேர் கேட்டார்கள். "ஏற்காட்டு வெயில்" என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். சித்தி மகளும் வந்திருந்தாள். அவளை அடுத்து உட்கார்ந்துகொண்டு, பந்தி முடியும்வரை கையைப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ராசிபுரத்திலிருந்து திரும்பும்போது நல்ல உச்சி வெயில். சாலையோரத்துச் சிமெண்டுக் களம் ஒன்றில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. பார்க்கவே கண் கூசும் வெள்ளை. அதன் நடுவே நாலைந்து பெண்கள் காலால் அளைந்து துழாவிக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொருத்தியும் சேலைக்கு மேல் ஆண்பிள்ளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் பூட்டியிருந்தாள். தலையையும் கன்னத்தையும் சுற்றித் துண்டு.

"எதுக்கும்மா அந்தச் சட்டை?" என்றாள் மகள்.

"வெயிலுக்குத்தான்."

அவள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். "நாம ஏற்காட்டுக்கு இதைத்தான் கொண்டுபோயிருக்கணும்" என்றாள்.

ஆடிப் பெருக்குக்கு முன்னால் ஒருநாள் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். கடிகாரத்தின் தடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.